மின்சார சைக்கிளா, மோட்டார் வண்டியா? ராமநாதபுரம் கடற்கரையில் வகை பார்த்து ஓட்டும் முறை

பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகளுக்காக ராமநாதபுரத்தில் ஒரு கடைக்கு மின்சார சைக்கிள் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர், "லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், இன்சூரன்ஸும் வேண்டாம் சார். உங்க பிள்ளையே ஓட்டிட்டுப் போகலாம்" என்றார். சொல்லிவிட்டு இருக்கைக்கு அடியில், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் பெட்டியைத் திறந்து, வளையமாக மடித்துச் செருகியிருந்த மெல்லிய வெள்ளை வயர் ஒன்றைக் காட்டினார். "இந்தச் செருகியை மட்டும் பிடுங்கி விட்டீங்கன்னா நாப்பது போகும்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவர் முதலில் சொன்னது அந்த வயர் செருகியிருக்கும் வரைதான் உண்மை என்பதும், பிடுங்கிய மறுகணம் அதே வண்டி பதிவெண்ணும் காப்பீடும் உரிமமும் கேட்கும் மோட்டார் வாகனமாகிவிடும் என்பதும், பிறகு விதிகளைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இன்று மீன் விற்பவரும், பால் ஊற்றுபவரும், பள்ளிப் பிள்ளைகளும் இத்தகைய வண்டிகளில் போய்வருகிறார்கள். அவற்றில் எது சைக்கிள், எது மோட்டார் வண்டி என்பதைத் தோற்றத்தை வைத்து முடிவு செய்ய இயலாது. மிதி இருப்பதாலேயே ஒரு வண்டி சைக்கிள் ஆகிவிடுவதில்லை. ஸ்கூட்டர் போலத் தெரிவதாலேயே மோட்டார் வண்டியாகிவிடுவதும் இல்லை. ஆகவே முதலில் வகையைத் தெரிந்துகொண்டு, அதன் பிறகே எந்தச் சாலை என்று யோசிக்க வேண்டும்.

சட்டம் எங்கே கோடு கிழிக்கிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ஐச் சார்ந்த மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல், இரண்டாம் விதியின் 'யு' என்ற உட்பிரிவு பேட்டரியால் ஓடும் வாகனத்துக்கு இலக்கணம் சொல்கிறது. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் உள்ள வண்டியை அது மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. மிதித்து ஓட்டும் சைக்கிளுக்கு மோட்டார் துணை மட்டும் செய்யும் வகையானால், வேகம் 25-ஐ நெருங்க நெருங்க மோட்டாரின் உதவி படிப்படியாகக் குறைந்து அந்த வேகத்தில் அறவே நிற்க வேண்டும். ஓட்டுபவர் மிதிப்பதை நிறுத்தினால் அதற்கு முன்பே நிற்க வேண்டும். தகுந்த பிரேக்கும், முன்புறம் ஒரு வெள்ளை ஒளிதிருப்பியும் (ரிஃப்ளெக்டர்) பின்புறம் ஒரு சிவப்பு ஒளிதிருப்பியும் கட்டாயம்.

இவை எல்லாவற்றையும்விடப் பலர் கவனிக்கத் தவறும் நிபந்தனை ஒன்று உண்டு. மேற்சொன்ன தகுதிகளை 126-ஆம் விதியில் குறிப்பிடப்பட்ட சோதனை நிறுவனங்களுள் ஒன்று சரிபார்த்துச் சான்றளித்திருக்க வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐ.கேட் ஆகியவை அத்தகைய நிறுவனங்கள். கடைக்காரரின் வாய்ச்சொல்லோ, பெட்டியின் மேல் அச்சிட்ட 'நோ லைசென்ஸ்' என்ற வாசகமோ அந்தச் சான்றுக்கு ஈடாகாது. வாங்கும்போதே அந்த மாடலுக்கான சான்றின் நகலைக் கேளுங்கள். "கம்பெனியில கேட்டு அனுப்புறேன்" என்று பதில் வந்தால், நகல் கைக்கு வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

இணைய வழியில் உதிரி வாங்குபவர்கள் 'கிளாஸ் 2', '750 வாட்' என்ற சொற்களைப் பார்த்துக் குழம்புகிறார்கள். அவை அமெரிக்கக் கணக்கு. கலிபோர்னியா 2015-இல் சட்டமாக்கி, பின்னர் அங்குள்ள பல மாநிலங்கள் எடுத்துக்கொண்ட மூன்று வகைப் பகுப்பில், மிதித்தால் மட்டும் மணிக்கு 20 மைல் வரை உதவுவது முதல் வகை. முறுக்கும் கைப்பிடியால் அதே வேகம் வரை போவது இரண்டாம் வகை. மிதித்தால் 28 மைல் வரை உதவுவது மூன்றாம் வகை. இருபது மைல் என்பது நம் கணக்கில் 32 கிலோமீட்டர். ஆகவே அங்கே மிகச் சாதுவான முதல் வகை வண்டிகூட, அந்த வேக அளவோடு இங்கே ஓடினால், மோட்டார் வாகனமாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 250 வாட், 25 கிலோமீட்டர் வரம்புதான் நம் விதிக்கு நெருக்கமானது.

வீட்டிலேயே சோதிக்கும் முறை

சக்கரத்தின் நடுவில் உருளையாக இருக்கும் ஹப் மோட்டாரின் ஓரத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தால், '36V 250W' என்பது போல எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். அதோடு நிறுத்திவிடக் கூடாது, ஏனெனில் எழுத்தைப் பொறிப்பதற்கு எந்தச் சோதனையும் தேவையில்லை. அடுத்து கண்ட்ரோலர் பெட்டியின் மேல் ஒட்டியுள்ள தாளில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து இரண்டையும் பெருக்குங்கள். 36 வோல்ட்டும் 14 ஆம்பியரும் என்றால் 504 வாட் வரும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. அது புறப்படும்போதும் பாலம் ஏறும்போதும் சில நொடிகள் இழுக்கும் உச்ச அளவு. விதி கேட்பதோ அரை மணி நேரம் விடாமல் தாங்கக்கூடிய திறனை. ஆனால் 48 வோல்ட்டும் 25 ஆம்பியரும் எழுதி, பெருக்கினால் 1,200 வாட் வருமானால், மோட்டாரின் மேல் 250 என்று பொறித்திருப்பதை நான் நம்ப மாட்டேன்.

வேகத்தைச் சோதிக்கக் கிழக்குக் கடற்கரைச் சாலையின் கிலோமீட்டர் கற்களே போதும். விடியற்காலையில், காற்று அடங்கியிருக்கும் நேரத்தில், கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையே உள்ளது போன்ற சமதளச் சாலையில் அடுத்தடுத்த இரு கற்களுக்கு இடையே மோட்டாரின் முழு உதவியோடு ஓட்டிக் கைப்பேசியில் நேரம் பாருங்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டரைக் கடக்க 2 நிமிடம் 24 நொடி ஆகும். முறுக்கும் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு, மிதிக்காமலேயே அதற்கும் முன்னதாக மறு கல்லை அடைந்தால் வண்டி வரம்பைத் தாண்டிவிட்டது. திரும்பி வந்தும் ஒருமுறை பாருங்கள், கடலோரத்தில் காற்று ஒரு பக்கம் தள்ளும். மிதித்து ஓட்டும் வகையானால் வேகத்தைவிட மோட்டார் விலகும் தருணத்தையே கவனிக்க வேண்டும். இருபத்தைந்தை நெருங்கும்போது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்த கை மெல்ல எடுபடுவது போன்ற ஓர் உணர்வு வரவேண்டும். அதற்கு மேல் கால் பலத்தாலோ காற்றின் தயவாலோ முப்பது போனாலும் விதிக்கு மாறில்லை. ஸ்டாண்டு போட்டு நிறுத்திச் சக்கரத்தை வெறுமனே சுழலவிட்டு மீட்டரைப் பார்ப்பது சோதனை ஆகாது, சுமையில்லாமல் அது கூடுதலாகவே காட்டும்.

உப்புக் காற்றும் இந்த வகைப்பாட்டுக்குள் புகுந்துவிடுகிறது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மிதிக்கட்டைத் தண்டில் உள்ள காந்த வளையமும், பிரேக் பிடியில் மோட்டாரை நிறுத்தும் சிறு சுவிட்சும் எங்கள் வண்டியில் ஒரு மழைக்காலம் கடந்ததும் பச்சை பூத்துவிட்டன. மகள் மிதிப்பதை நிறுத்திய பிறகும் மோட்டார் இரண்டு மூன்று நொடி தள்ளிக்கொண்டே போனது. வாங்கும்போது விதிக்குப் பொருந்தியிருந்த வண்டி, ஒரு சுவிட்ச் அரித்ததால் பொருந்தாமல் போயிற்று. அதைவிட, சந்தையின் நெரிசலில் அந்த இரண்டு நொடியில் யார் மீதாவது ஏறியிருக்கும். குடிக்கும் தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் நம் ஊரில் வண்டியைத் தினமும் கழுவச் சொல்ல எனக்கு வாய் வராது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இந்த இணைப்புகளைத் துடைத்துக் காயவிட்டால் போதும்.

வரம்பைத் தாண்டியிருந்தால்

அப்படியானால் அது மோட்டார் வாகனம். அதில் பாதி வழி என்று எதுவும் கிடையாது. ராமநாதபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்து டி.என். 65 என்று தொடங்கும் எண்ணைப் பெற வேண்டும். சொந்த உபயோகத்துக்கான வண்டிக்குப் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. வாடகை வண்டிக்குப் பச்சையில் மஞ்சள் எழுத்து. பேட்டரி வாகனங்களுக்குப் பதிவுச் சான்றுக் கட்டணத்தை மத்திய அரசு 2021 ஆகஸ்டிலேயே நீக்கிவிட்டதால், செலவுக்கு அஞ்சிப் பதிவு செய்யாமல் விடுவதில் பெரிய நியாயம் இல்லை. உரிமம், மூன்றாம் நபர் காப்பீடு, தலைக்கவசம் ஆகிய மூன்றும் பெட்ரோல் வண்டிக்கு எப்படியோ அப்படியே. சட்டத்தில் உள்ள தொகைகளைச் சொல்வதானால், உரிமமின்றி ஓட்டினால் 5,000 ரூபாய், காப்பீடு இல்லாவிட்டால் முதல் முறைக்கு 2,000 ரூபாய், தலைக்கவசம் இல்லாவிட்டால் 1,000 ரூபாய்.

பெற்றோர் நின்று படிக்க வேண்டிய பிரிவு 199-ஏ. பதினெட்டு வயது நிரம்பாதவர் மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால், பாதுகாவலருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க அது இடம் தருகிறது. அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது. விதிக்குட்பட்ட மின்சார சைக்கிளை ஓட்டும் மாணவிக்கு இதில் எதுவும் பொருந்தாது. நான் முதலில் சொன்ன அந்த வெள்ளை வயரைப் பிடுங்கிவிட்டால் எல்லாமே பொருந்தும். யார் மீதாவது மோதிக் காயம் ஏற்பட்டு, வழக்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய், காப்பீடில்லாத மோட்டார் வாகனம் என்று முடிவானால், இழப்பீடு உங்கள் நிலத்தையும் நகையையும் தேடி வரும். கடைக்காரர் அப்போது சாட்சிக்கும் வரமாட்டார்.

அரசுப் பள்ளிகளில் பிளஸ் ஒன் மாணவர்களுக்குத் தரும் விலையில்லா சைக்கிளில் மோட்டார் கிட் பொருத்துவது இப்போது பரவிவருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கிட்டின் மோட்டார் 250 வாட்டுக்குள் இருந்தாலும், அந்தச் சைக்கிளும் அந்தக் கிட்டும் சேர்ந்த வண்டியை எந்தச் சோதனை நிறுவனமும் பார்த்துச் சான்றளித்ததில்லை. ஆகவே கேள்வி எழுந்தால் காட்டுவதற்குத் தாள் இருக்காது. மேலும் கால் பலத்தில் பன்னிரண்டு, பதினைந்து என்று போவதற்குச் செய்த ரப்பர்க் கட்டை பிரேக், பேட்டரியும் மோட்டாரும் ஏறிய எடையை இருபத்தைந்தில் நிறுத்தப் போதாது. ஏற்கெனவே பொருத்திவிட்டவர்கள் குறைந்தது முன் சக்கரத்துக்காவது டிஸ்க் பிரேக் மாற்றி, வேகக் கட்டுப்பாட்டு வயரைச் செருகியபடியே வைத்திருக்க வேண்டும்.

எந்தச் சாலையில், எதுவரை

விதிக்குட்பட்ட மின்சார சைக்கிளுக்குச் சாதாரண சைக்கிளுக்கு உள்ள உரிமைகளும் கட்டுப்பாடுகளும் அப்படியே உண்டு. ஊருக்குள் உள்ள தெருக்கள், ஊராட்சிச் சாலைகள், கிழக்குக் கடற்கரைச் சாலை, மதுரை–ராமேஸ்வரம் நெடுஞ்சாலை என எங்கும் இடது ஓரமாகப் போகலாம். நடைபாதையிலும் சைக்கிள் தடத்திலும் மோட்டார் வாகனம் ஏறக் கூடாது என்பதால், பதிவெண் வாங்கிய பேட்டரி வண்டிக்குச் சைக்கிள் தடம் கிடையாது. நடைபாதையில் ஓட்டுவது இரு வகைக்குமே முறையன்று. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேஸ்வரத்தில் வாகனங்களைத் தடுக்கும்போது, சட்டத்தின் 115-ஆம் பிரிவு மோட்டார் வாகனங்களைத்தானே சொல்கிறது என்று வாதிட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். சீருடையில் உள்ள காவலர் கை காட்டினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் விவேகம். அந்தக் கூட்டத்தில் ஓட்டவும் முடியாது.

நெடுஞ்சாலையில் போகலாம் என்பதும் போவது நல்லது என்பதும் வேறு வேறு. உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரை சுற்றுலாப் பேருந்துகளும் மீன் லாரிகளும் எண்பதில் வரும் சாலையில், இருபத்தைந்தில் போகும் வண்டி நடுவே ஊர்வது ஆபத்து. ஊர்ச்சாலை இணையாக இருக்கும் இடங்களில் அதையே தேர்ந்தெடுங்கள். இருட்டிய பிறகு விதி கேட்கும் ஒளிதிருப்பிகள் மட்டும் போதவே போதாது. பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தாக வேண்டும்.

பாம்பன் பாலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1988 அக்டோபர் 2 அன்று திறக்கப்பட்ட சாலைப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுடையது. நடுவில் மேடாக எழுந்து இறங்கும். கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் தென்கடலிலிருந்தும், வாடை வீசும் கார்த்திகை, மார்கழியில் வடகடலிலிருந்தும் காற்று பாலத்தைக் குறுக்காக அடிக்கிறது. எடை குறைந்த மின்சார சைக்கிளை அது வாகனங்கள் ஓடும் தடத்துக்குள் ஒரு முழம் நகர்த்திவிடும். நான் ஒரு மாலை வடகடல் காற்றில் மாட்டிக்கொண்டபோது, பேருந்து ஒன்று கடந்த கணத்தில் காற்று சட்டென மறைந்து, அது போனதும் மறுபடி அறைந்தது. ஹேண்டில் கையை விட்டுப் போகாதது என் நல்ல நேரம். பெரிய வாகனம் கடக்கும்போது காற்றுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும் உடல் திடீரெனப் பிடிமானம் இழக்கிறது என்பதே அதற்குக் காரணம். ஆகவே காலை எட்டு மணிக்குள் கடந்துவிடுங்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் பேருந்தில் போங்கள். மேடு ஏறும்போது மோட்டாரை மட்டும் நம்பாமல் மிதித்துக்கொண்டே ஏறினால் கண்ட்ரோலர் சூடேறி நின்றுபோகாது. பாலத்தின் நடுவில் நிறுத்தி, 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தோடு படம் எடுக்கும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது தனுஷ்கோடி. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு, ராமேஸ்வரத்திலிருந்து போய்வர ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-மணி பேட்டரியில் சுமார் 280 வாட்-மணி மின்சாரம் இருக்கும். கிலோமீட்டருக்குப் பத்து வாட்-மணி என்று வைத்தால் இருபத்தெட்டு கிலோமீட்டர் கிடைக்கும். எதிர்க்காற்றில் அதிலும் குறையும். வழியில் எங்காவது சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் புறப்படாமல், போகும்போது மிதித்து, மோட்டார் உதவியைத் திரும்பும் வழிக்கு மிச்சம் வையுங்கள். சாலையின் மேல் காற்று கொண்டுவந்து கொட்டும் மணல்திட்டுகளில் பிரேக் பிடிக்காமல், மோட்டாரை நிறுத்திவிட்டு நேராக உருளவிட வேண்டும்.

தார்ச்சாலையை விட்டு இறங்கக் கூடாது. தனுஷ்கோடிப் பகுதியில் ஏறத்தாழ 525 ஹெக்டேர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயமாக அறிவித்துள்ளது; அதனுள் வனத்துறையின் அனுமதியின்றி எந்த வண்டியும், ஏன், கால்நடையாகவும் நுழைய முடியாது. ஆண்டின் தொடக்க மாதங்களில் சிற்றாமைகள் எனப்படும் ஆலிவ் ரிட்லி கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் மணலும் இதுவே. நம் வண்டிக்குப் புகையும் இல்லை, சத்தமும் இல்லை என்பது அங்கே சமாதானம் ஆகாது. சக்கரம் மணலை அழுத்தத்தான் செய்யும். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கும் இதே கட்டுப்பாடுதான். படகில் சைக்கிளை ஏற்றிப் போகலாமா என்று என்னைக் கேட்டவர்களும் உண்டு.

ராமேஸ்வரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு வண்டி வாடகைக்கு விட நினைப்பவர்கள் வகையை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பதிவெண் உள்ள பேட்டரி ஸ்கூட்டரை வாடகைக்கு விட, 1997-ஆம் ஆண்டின் வாடகை மோட்டார் சைக்கிள் திட்டப்படி உரிமம் பெற வேண்டும். சான்றுள்ள மின்சார சைக்கிள் மோட்டார் வாகனமே அல்ல என்பதால் அந்தத் திட்டத்துக்குள் வராது. ஆனால் வாடகைக்கு எடுத்தவர் யாரையாவது மோதினால் காப்பீட்டு நிறுவனம் நடுவில் இல்லை என்பதை மறவாமல், பொதுப் பொறுப்புக் காப்பீடு ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வது உத்தமம்.

சாலையில் காவலர் நிறுத்தினால், சான்றின் நகலும் வாங்கிய ரசீதும் கையில் இருந்தால் பேச்சு சுருங்கும். இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பிடிக்குக் கீழே உள்ள பைக்குள் வைத்திருக்கிறேன். கைப்பேசியில் படமும் உண்டு. ரசீதில் உள்ள மோட்டார் எண்ணும் ஹப்பில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று வாங்கிய அன்றே பார்த்துவிடுங்கள். பேட்டரியையோ கண்ட்ரோலரையோ மாற்றினால் அந்த ரசீதையும் அதே உறையில் சேர்த்து, கற்களுக்கு இடையேயான சோதனையை மறுபடி ஒருமுறை செய்யுங்கள். எங்கள் வண்டியின் கண்ட்ரோலரை மாற்றித் தந்த மெக்கானிக், கேட்காமலே அந்த வெள்ளை வயரைக் கழற்றி விட்டிருந்தார். ஒரு கிலோமீட்டரை ஒன்றே முக்கால் நிமிடத்தில் கடந்தபோதுதான் தெரிந்தது. திரும்பப் போய்ச் செருகச் சொன்னதற்கு, "எல்லாரும் கழட்டத்தான் சார் கேப்பாங்க" என்றபடி செருகித் தந்தார்.